மாரித் தண்ணி நின்ற கோடு

தங்கையின் மகள் வீட்டில் பாத்ரூம் உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு காலை போனேன். படலைக்கு வெளியே, வேலியோரமாக, ஒரு கருங்கல் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் அம்மம்மாவின் உடுப்புத் துவைக்கிற கல். மூன்று தலைமுறைப் பெண்கள் சேலையும் சாரமும் அடித்து அடித்து அதன் நடுப்பகுதி பள்ளமாகி வழுவழுத்துப் போயிருந்தது. அடியில் இன்னும் ஈர மணல் ஒட்டியிருந்தது. குனிந்து தொட்டபோது அந்த மணம் எழுந்தது. சண்லைட் சவர்க்காரம், பாசி, அழுகின வாழைமடல், ஈர மணல் எல்லாம் சேர்ந்த கிணற்றடி மணம். எத்தனை வருடமாயிற்று அது என் மூக்கில் பட்டு!

“பெரியம்மா, அதை லொறிக்காரன் கொண்டு போயிடுவான். மெஷின் வந்த பிறகு கல்லு என்னத்துக்கு?” என்றாள் மகள் உள்ளேயிருந்து.

லொறிக்காரனிடம் சொல்லி அதை என் வீட்டு முற்றத்தில் இறக்கிக்கொண்டது பிறகு நடந்தது. அந்த நேரம் நான் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அலவாங்கு விழுந்துகொண்டிருந்தது. பழைய டைல்ஸ் உடைகிற சத்தம் கேட்கக் கேட்க, இந்த ஒரே வளவுக்குள் எங்கள் குடும்பம் குளிக்கிற இடத்தைக் கட்டியதும் உடைத்ததும் மறுபடி கட்டியதும் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன.

எங்கள் வளவு கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே ஆறு. மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோடு கரையாகக் கிடக்கிற அந்த உவர்நீருக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா என்று எழுவான்கரை ஊர்கள் அதில் வரிசையாகத் தெற்கே போகும். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணி. நடுவில் பத்தடி தோண்டினால் குடிக்கிற தண்ணி. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கனம் கூடிய உப்புத் தண்ணியின் மேலே, காய்ச்சிய பாலில் ஆடை படிந்த மாதிரி மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஓரடி நின்றால் கீழே 40 அடிவரை நிற்கலாம் என்பது புத்தகக் கணக்கு. எங்கள் மணல் ஒடுக்கம் என்பதால் அவ்வளவு ஆழம் கிடைப்பதில்லை. நாம் நிலத்தில் ஊற்றுகிற எல்லாமும் அந்த ஆடைக்குள்தான் போய்ச் சேரும். குளித்த தண்ணி, மீன் கழுவின தண்ணி, மலக்குழித் தண்ணி, எல்லாம்.

அம்மம்மா இந்தக் கணக்கைப் படித்தவர் இல்லை. ஆனால் அவருடைய அரை ஏக்கர் வளவில் கிணறு வடகிழக்கு மூலையில் இருந்தது. மலசலகூடம் தென்மேற்கு மூலையில், பனைமரங்களுக்கும் அப்பால். இடையில் முழு வளவும் கிடந்தது. கிணற்றடிச் சீமெந்துத் தரை மேற்குப் பக்கம் சரிந்திருக்கும். குளித்த தண்ணி சின்ன வாய்க்காலில் இறங்கி முதலில் வாழைக்கு, பிறகு கொய்யாவுக்கு, மிஞ்சினது தென்னைக்கு. தண்ணி தேங்கினால் அம்மம்மாவுக்குப் பொறுக்காது. மண்வெட்டியோடு வந்துவிடுவார். “தண்ணி நிண்டா நுளம்பு, மனே. போற வழிய விடு, மறுகா அது தன்ட வேலையப் பாக்கும்” என்பார்.

மூன்று பக்கம் கிடுகு மறைப்பு, மேலே வானம். பெண்கள் குறுக்குக்கட்டோடு குளிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் கிடுகு மாற்றுவார்கள். புதுக் கிடுகின் மணம் ஒரு கிழமைக்கு நிற்கும். சித்திரை வருடப் பிறப்பன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த மருத்துநீரை எல்லோர் தலையிலும் வைத்து, வயது வரிசைப்படி அந்தக் கல்லில் நிறுத்தி அம்மம்மாவே தண்ணி வார்ப்பார். என் பெரிய சித்தி சாமத்தியப்பட்டபோது மாமிமார் குரவையிட்டுத் தண்ணி வார்த்ததும் அங்கேதான். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் நேரே போவதும் அங்கேதான். ஒரு வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் கிணற்றடியைத் தொட்டுக்கொண்டு போன காலம். இப்போது மருத்துநீரை ஒரு சின்னப் போத்தலில் வாங்கிக் கண்ணாடிக்கு முன் நின்று தலையில் தடவிவிட்டு ஷவரைத் திறக்கிறோம். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வரிசையில் நின்று, அம்மம்மாவின் கையால் வாளித் தண்ணி தலையில் விழும் அந்தத் திடுக்கிடல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற கவலை எனக்கு உண்டு.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது கிடுகு மறைப்பு இல்லை, வேலி இல்லை, தென்னைகளில் பாதி இல்லை. கிணறு மட்டும் வட்டமாக, வெட்ட வெளியில் நின்றது. ஊர் முழுக்கப் பெண்களுக்கு மறைவாகக் குளிக்க இடமில்லை. அம்மாவும் சித்திமாரும் விடியப்புறம் இருட்டோடு குளித்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அப்பா அவசரமாகப் புளொக் கல்லால் ஒரு சுவர் எழுப்பினார். சீமெந்துக்கே தட்டுப்பாடு; லொறிகள் பெரும்பாலும் கல்லடிப் பழைய பாலத்தால் வரவேண்டும். 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். மணலுக்கு மேசன் வழி சொன்னார். கடற்கரை பக்கத்தில்தானே கிடக்கிறது, இரண்டு வண்டி அள்ளினால் போதும் என்றார்.

அந்தச் சுவரின் கதைதான் எனக்குக் கட்டட வேலையில் கிடைத்த முதல் பாடம். அடுத்த மாரி முடியும் முன்னரே பூச்சில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. தடவினால் கையில் மாவாக வரும். அப்பா சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார், அது மறுபடி பூக்கும். கடல் மணலில் ஒட்டியிருக்கிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். சுவரோடு போனாலும் பரவாயில்லை, கதவுக்கு மேலே போட்ட கொங்கிரீட்டுக்குள்ளும் அந்த மணல்தான். உள்ளே கம்பி துருப்பிடித்து, துருவால் பருத்து, கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்தது. ஒருநாள் ஒரு துண்டு கழன்று வாளிக்குள் விழுந்தது. அடியில் ஆள் இல்லாதது சாமி புண்ணியம். இன்றைக்கும் கடற்கரை ஊர்களில் குளியலறை கட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மணல் எங்கேயிருந்து என்றுதான். மன்னம்பிட்டிப் பக்கத்து மகாவலி ஆற்று மணல் விலை கூடத்தான். ஆனால் அது கடல் உப்பில் ஊறாத மணல்.

பிறகு வந்த காலத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எங்கள் ஊரில் பாத்ரூம் ஏன் வீட்டுக்குள் வந்தது என்பதை அதைச் சொல்லாமல் சொல்ல முடியாது. 1990க்குப் பிறகு பொழுது பட்டால் யாரும் முற்றத்தில் இறங்குவதில்லை. நாய் குரைத்தால் விளக்கை அணைப்போம். முன்பு அரிக்கன் லாம்போடு, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு, பேய்க்கதை பேசிக்கொண்டு பனையடிக்குப் போய் வந்த நாங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தோம். வயதுப் பிள்ளைகளை வைத்திருந்த அம்மாமாருக்கு அந்த மலசலகூடம்வரை உள்ள தூரம் ஊரைத் தாண்டிப் போகிற தூரமாகத் தெரிந்தது. ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரை வயலுக்குப் போக முடியாததால் வீட்டில் நெல் அறை வெறுமையாகக் கிடந்தது. ஆற்றுக்கு அப்பால் சீமெந்துப் பை கொண்டுபோக அனுமதி தேவைப்பட்ட காலம். இந்தக் கரையில் எப்படியோ கிடைத்தது. அம்மா நகையை அடைவு வைத்து நெல் அறையைப் பாத்ரூமாக்கினார்.

பயத்தில் கட்டியது. அதனால் எதையும் யோசிக்க நேரமில்லை. நெல் அறையின் தரையும் மண்டபத்தின் தரையும் ஒரே மட்டம். குளிக்கிற இடத்தின் தரை மற்ற இடத்தைவிட ஓரிரு அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும், தண்ணி போகிற துளையை நோக்கி அடிக்குக் கால் அங்குலமாவது சரிய வேண்டும் என்பதை அந்த மேசன் பார்க்கவில்லை. குளித்த தண்ணி கதவடியால் மண்டபத்துக்கு வந்தது. அம்மா பழைய சாக்கை மடித்து வாசலில் போட்டுவைத்தார். அந்தச் சாக்கு வருடக்கணக்காக அங்கே கிடந்தது. ஈரச் சாக்கின் மணம் எங்கள் வீட்டு மணமாகவே ஆகிவிட்டது.

மற்றது சாமியறை. நெல் அறைக்கும் சாமியறைக்கும் ஒரே சுவர். நெல் காய்ந்த சாமான், அதனால் யாருக்கும் குறையில்லை. தண்ணி வந்தபோது கதை மாறியது. சுவருக்கு உள்பக்கம் ஈரம் தடுக்கும் பூச்சு ஒன்றும் பூசாமல் சீமெந்துப் பூச்சோடு விட்டுவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் சாமியறைப் பக்கம் சாயம் கொப்புளித்தது. பிள்ளையார் படத்தின் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்து அட்டை ஊறியது. ஈசான மூலையில் மலசலகூடம் வந்த குற்றம்தான் இது என்று அப்பாவின் அக்கா சொல்லி அழுதார். அம்மாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. மூலைக் குற்றமோ இல்லையோ, சுவருக்கு நடுவே தண்ணி நடந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். இப்போதெல்லாம் நல்ல மேசன்மார் தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சைப் பூசி, வடிகால் துளையை அடைத்துத் தண்ணி நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். டைல்ஸ் ஒட்டினால் தண்ணி இறங்காது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். டைல்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கு போதும், தண்ணிக்கு.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை மண்ணுக்குள் நடந்தது. அதற்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அம்மம்மாவின் அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச், மூன்று மகள்மாருக்குப் பிரிந்தது. அம்மாவின் பங்கு எனக்கும் தங்கைக்கும் பிரிந்தது. இப்போது ஆளுக்குப் 13 பேர்ச் சொச்சம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில் ஒரு குழி. அம்மம்மா எட்ட வைத்த தென்மேற்கு மூலை இன்றைக்குச் சின்னம்மாவின் மகள் வீட்டுக் கிணற்றடி. பெண்பிள்ளைக்கு மண் கொடுக்கிற வழக்கத்தை நான் உயிரைப்போல மதிக்கிறேன். அதனால்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஆனால் மண்ணைப் பிரிக்கும்போது மண்ணுக்கடியில் உள்ள தண்ணி பிரியாது என்பதை எந்த நொத்தாரிசும் உறுதியில் எழுதவில்லை.

நெல் அறைப் பாத்ரூமுக்குக் குழி வெட்டியது சுவருக்கு நேரே வெளியே. பைப் செலவு குறையும் என்றார் மேசன். கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. மாரி தொடங்கி இரண்டாம் மாதம் கிணற்றுத் தண்ணியில் ஒரு வாடை. சித்தியின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் நிற்கவேயில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கிணற்றிலிருந்து குழிவரை கால் வைத்து நடந்து பார்த்தார். “50 அடி வேணும் அம்மா. இதில பாதி கூட இல்ல” என்றார். நம்முடைய கிணற்றிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது, வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அம்மா அன்றிலிருந்து தண்ணியைக் கொதிக்கவைத்தே கொடுத்தார். குழந்தை பிழைத்தது. இப்போது அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

2004 டிசம்பர் 26. அதை நான் இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. கடல் கிணற்றுக் கட்டுக்கு மேலால் போனது என்பதை மட்டும் சொல்கிறேன். வடிந்த பிறகு கிணறு நிறைய உப்பும் சேறும். உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு மோட்டர் வைத்து இறைத்தார்கள். நாலு நாள் கழித்து மறுபடி வந்து இறைத்தார்கள். இறைக்க இறைக்கத் தண்ணி இன்னும் உவர்த்தது. வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். மேலே மண்ணில் தேங்கிய உப்பும் கூட இறங்கும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எங்கள் கரையோரக் கிணறுகளை அளந்து பார்த்துவிட்டு, கிணறுகளைக் கழுவப் போவது மழைதான், திரும்பத் திரும்ப இறைப்பதால் பயனில்லை என்று எழுதினார்கள். அப்படித்தான் நடந்தது. அடுத்தடுத்த மாரிகள் வந்து போன பிறகுதான் எங்கள் கிணற்றில் மறுபடி பருப்பு வெந்தது.

அந்தக் கிணற்றை இப்போது நாங்கள் குடிப்பதற்குப் பயன்படுத்துவதில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வவுணதீவில் சுத்தமாகிக் குழாயில் வருகிறது. குழாய்த் தண்ணி வந்தது பெரிய நிம்மதி. அதோடு ஒரு அலட்சியமும் வந்தது. குடிக்கிற தண்ணி குழாயில் வருகிறதே, குழி எங்கே இருந்தால் என்ன என்று சனம் நினைக்கத் தொடங்கிவிட்டது. குழாய் நின்ற நாளில் அதே சனம் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குத்தான் ஓடுகிறது.

போர் முடிந்து ஊர் மூச்சுவிட்ட பிறகு, கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வந்தது. 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்தது. டைல்ஸ் ஏற்றிய லொறிகள் தாராளமாக வந்தன. எல்லோருக்கும் பளபளப்பு வேண்டும். முகம் தெரிகிற டைல்ஸைச் சுவரில் ஒட்டட்டும், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதையே தரைக்கும் ஒட்டினார்கள். சின்னம்மா அப்படி ஒரு தரையில்தான் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிறகு எழும்பவேயில்லை. வாழ்நாள் முழுக்கப் பாசி படிந்த கிணற்றடியில் வெறுங்காலோடு நின்று வாளி இழுத்த மனுசி. அந்தத் தரை சொரசொரப்பானது, கால்விரல் பிடிக்கும். பாத்ரூம் தரைக்கு, ஈரத்தில் கால் பிடிக்கிற சொரசொரப்பு டைல்ஸ் என்று தனியாகவே கடையில் இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் இல்லை. எங்கள் மச்சான் ஒருவர் ஊன்றுகோலோடு நடப்பவர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால் காலையிலிருந்து தண்ணி குடிக்கமாட்டார். எனக்கு அதன் காரணம் நெடுநாள் தெரியாது. ஒடுங்கின கதவு, உயர்ந்த படி, பிடிக்க ஒன்றும் இல்லாத சுவர். அவர் பாத்ரூமுக்குப் போக வேண்டி வந்துவிடக் கூடாது என்றுதான் தாகத்தோடு இருந்தாராம். அவருடைய மனைவி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கதவை மூன்றடி அகலத்துக்கு வைப்பதற்கும் கொமட் பக்கத்தில் துருப்பிடிக்காத கைபிடி ஒன்று இறுக்குவதற்கும் என்ன பெரிய செலவு? இன்றைக்கு நடக்கிறவருக்கும் ஒருநாள் அது வேண்டிவரும்.

மாரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் பாத்ரூம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோடையில் கட்டுவார்கள். மணல் காய்ந்திருக்கும், எட்டடி தோண்டினாலும் குழி உலர்ந்திருக்கும். மேசனுக்கும் மகிழ்ச்சி, வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. மார்கழியில் அதே இடத்தில் இரண்டடியில் தண்ணி நிற்கும். குழி முழுக்க நிலத்தடித் தண்ணி. கொமட்டில் ஊற்றியது இறங்காது. குடுகுடு என்று சத்தம் போட்டு மேலே வரும். ஒவ்வொரு மாரியிலும் எத்தனை வீடுகளில் இந்த அவலம்! உடனே குழியை இன்னும் ஆழமாக்குகிறார்கள். ஆழமாக்கினால் இன்னும் தண்ணிக்குள்தான் போகும். எங்கள் மணலுக்குச் சரியானது, ஓட்டை இல்லாத சீமெந்துத் தாங்கி, அதிலிருந்து தெளிந்து வருவது இறங்க ஆழமில்லாத, அகலமான ஊறுகுழி, அதுவும் மாரித் தண்ணி மட்டத்துக்கு மேலே. நிலம் பதிவாக இருந்தால் மண் போட்டு உயர்த்த வேண்டும். படுவான்கரைப் பக்கம் பதிவான இடங்களில் மலசலகூடம் படிக்கட்டு வைத்து மேடையில் நிற்பதைப் பார்த்துப் பட்டணத்துப் பிள்ளைகள் வேடிக்கையாகப் பேசுவார்கள். கட்டினவர்களுக்கு வெள்ளம் தெரியும்.

ஆரையம்பதியில் ஒரு சொந்தக்காரர் பிளாஸ்டிக் தாங்கி வாங்கிப் புதைத்தார். நல்ல தாங்கிதான். மாரி நடுவில் நிறைந்துவிட்டது என்று பவுசரைக் கூப்பிட்டு முழுக்க உறிஞ்சி எடுப்பித்தார். இரவு பெய்த மழையோடு, வெறுமையான தாங்கியை நிலத்தடித் தண்ணி மேலே தள்ளிவிட்டது. விடியப் பார்த்தால் முற்றத்துக் கல்லைப் பிளந்துகொண்டு தாங்கியின் தலை வெளியே. பைப் முறிந்து, உள்ளே கொமட்டும் ஆடிப்போயிருந்தது. புதைக்கும்போதே அடியில் கொங்கிரீட் தளம் போட்டு அதோடு கட்டியிருந்தால், மாரியில் முழுக்க உறிஞ்சாமல் விட்டிருந்தால், அந்தச் செலவு வந்திருக்காது.

இவ்வளவும் மனதில் ஓடி முடிய நான் உள்ளே போனேன். மகள் கைபேசியில் படம் காட்டினாள். கூரையிலிருந்து மழைபோலக் கொட்டுகிற ஷவர், சுவரில் தொங்குகிற கொமட், கறுப்புத் தரை. அழகாகத்தான் இருந்தது. யன்னல் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள்.

“காத்து எங்கால போகும் மகள்?” என்றேன்.

“ஃபேன் வைக்கலாம் பெரியம்மா.”

“கரண்ட் போனா?”

அவள் மேசனைப் பார்த்தாள். வயதானவர், எங்கள் ஊர்க்காரர். சிரித்துக்கொண்டே, “டீச்சர் சொல்றது சரிதான் புள்ள. நம்மட ஊர் வேர்வைக்கு யன்னல் வேணும்” என்றார். கண்ணாடி கைகழுவுகிற பக்கம் மாறியது. தரை டைல்ஸ் மாறியது. குழிக்கு மேலே காற்றுக் குழாய் ஒன்று, கூரைக்கு மேலே போகிற உயரத்துக்கு, வாயில் நுளம்பு வலையோடு வைப்பதென்று பேசினோம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தண்ணி ஊற்றும்போதும் மற்றத் துளைகளிலிருந்து வாடை வரும்.

குழி விசயத்துக்கு நான் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டிப் பார்க்கச் சொன்னேன். தண்ணி கீழே கிடந்தது. மேலே, நில மட்டத்திலிருந்து ஒரு முழம் இறக்கத்தில், வளையத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, அதற்குக் கீழே எல்லாம் காய்ந்த பாசி.

“அது என்ன?”

“மாரியில தண்ணி நிண்ட இடம்.”

அவள் பிறந்து வளர்ந்த வளவு. அந்தக் கோட்டை இதுவரை பார்த்ததில்லை. மேசன் நாடாவை எடுத்துக் கோட்டிலிருந்து நில மட்டம்வரை அளந்து, சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு கிணற்றிலிருந்து பழைய குழிவரை அளந்தார். பிறகு வேலிக்கு மேலால் நாடாவை நீட்டி, சின்னம்மாவின் மகளின் கிணற்றிலிருந்து அளந்தார். வீட்டுச் சுவரோடு ஒட்டி எந்தப் பக்கம் வைத்தாலும் யாரோ ஒருவரின் கிணறு 50 அடிக்குள் வந்தது. சத்தம் கேட்டுச் சின்னம்மாவின் மகளும் வேலியடிக்கு வந்துவிட்டாள்.

“என்ன கா அளக்கிறீங்க? எல்லைப் பிரச்சினையா?” என்று கேட்டாள், முகம் மாறி.

எல்லை இல்லை, குழி என்று சொன்னோம். அவளுடைய குழியும் போன மாரியில் நிறைந்து வழிந்ததாம். நேரம் எடுத்துப் பேசினோம். தேத்தண்ணி வந்தது. முடிவில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தெருப் பக்கம், படலைக்கு உள்ளே, ஓட்டையில்லாத ஒரே சீமெந்துத் தாங்கி. அங்கேயிருந்துதான் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் எட்ட இருக்கின்றன. பவுசரின் குழாயும் தெருவிலிருந்தே எட்டும். ஊறுகுழியும் அங்கேயே, மண் போட்டு உயர்த்தி, கோட்டுக்கு மேலே. உயர்த்திய குழிக்குத் தண்ணி சரிந்து போகப் பாத்ரூம் தரையும் உயர வேண்டும், அதனால் படி வேண்டிவரும் என்றார் மேசன். படி வேண்டாம், சாய்வாகப் போடுங்கள் என்றேன். பைப் நீளம் கூடும், சரிவு பார்த்துப் போடவேண்டும், செலவு பாதிப் பாதி. புரட்டாதி முடிவதற்குள் மண் வேலை முடிந்துவிட வேண்டும் என்று மேசன் இரண்டு பேரிடமும் முற்பணம் கேட்டார். சின்னம்மாவின் மகள் உள்ளே போய்க் காசோடு திரும்பி வந்தாள்.